உட்பொருளிலிருந்து சுவருக்கு: ஆண் பிறப்புறுப்புத் தோலின் தீங்கற்ற பைக்கட்டிகளைக் கண்டறிந்த வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஆண் பிறப்புறுப்புத் தோலில், சிறப்பாக விதைப்பைத் தோலில், தோன்றும் பைக்கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. எனினும் அவற்றை இன்னவை எனப் பிரித்தறிய மேலைமருத்துவம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. கட்டிக்குள் இருக்கும் பொருளைக் கொண்டு பெயரிட்ட பழமரபு ஒருபுறமும், அவ்வுறுப்பில் தோன்றுவன யாவும் ஒழுக்கக்கேட்டின் விளைவே என்ற ஐயம் மறுபுறமும் இத்தாமதத்திற்குக் காரணங்களாயின. கட்டியின் உட்பொருள், அதன் வாய், அதன் சுவர் என்னும் மூன்று படிகளில் நோயறிதல் முன்னேறியதையும், கட்டியின் சுவரை ஆராய்ந்த பின்னரே தெளிவு பிறந்ததையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தமிழில் வழங்கும் கட்டிப் பெயர்கள் அம்மூன்றனுள் முதற்படியிலேயே நிற்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பைக்கட்டி, விதைப்பை, ஸ்டியாட்டோமா, ஆஸ்ட்லி கூப்பர், பெர்சிவல் பாட், கெரட்டின், பால்வினை நோய், திசு ஆய்வு

முன்னுரை

உடலில் எழும் கட்டி எதுவாயினும் அது இருவகை வினாக்களை எழுப்பும். இது என்ன என்பது ஒன்று; இது எதனால் வந்தது என்பது மற்றொன்று. தலையிலோ முதுகிலோ எழுந்த கட்டியாயின் நோயுற்றவர் இவ்விரு வினாக்களையும் தயக்கமின்றிப் பிறரிடம் கேட்பார். அதே கட்டி பிறப்புறுப்பில் எழுந்தால் இரண்டாம் வினா முதல் வினாவை விழுங்கிவிடுகிறது. கட்டியின் தன்மையைக் காட்டிலும் அதை உடையவரின் ஒழுக்கமே ஆராய்ச்சிப் பொருளாகிவிடுகிறது. நோயுற்றவர் மறைப்பதற்கும், மருத்துவர் தவறாகக் கணிப்பதற்கும் இதுவே வழிவகுத்தது.

சிஸ்ட் என மருத்துவர் குறிப்பது, தனக்கென ஒரு சுவரும் அதனுள் ஏதேனும் ஒரு பொருளும் உடைய பையாகும். இச்சொல் பை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. எனவே இக்கட்டுரை அதனைப் ‘பைக்கட்டி’ என்றே குறிக்கிறது. விதைப்பைத் தோலில் மிகுதியாகக் காணப்படுவது மேல்தோல் பைக்கட்டி. ஆண்குறியின் அடிப்புற நடுக்கோட்டில் தோன்றுவது நடுக்கோட்டுப் பைக்கட்டி. இவற்றோடு, கட்டியல்லாத இயல்பான சில புடைப்புகளும் நோய்களாகக் கருதப்பட்டுவந்தன. இவற்றை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிந்த வரலாறே இங்கு ஆராயப்படுகிறது.

1. உட்பொருளால் பெயரிட்ட மரபு

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமில் இலத்தீன் மொழியில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸும், இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலனும் பைக்கட்டிகளை அவற்றின் உட்பொருளைக் கொண்டு பகுத்தனர். அறுக்கும்போது தேன்போல் வழிந்தால் அது மெலிசெரிஸ். கூழ்போல் வந்தால் அதெரோமா. கொழுப்புப்போல் இருந்தால் ஸ்டியாட்டோமா. இவை தனக்கென ஓர் உறை உடையவை என்பதைச் செல்சஸ் அறிந்திருந்தார். ஆயினும் பகுப்பிற்கு அடிப்படையாக உறை அமையவில்லை, உட்பொருளே அமைந்தது.

இப்பகுப்பு எளிமையானது, கண்ணாலும் கையாலும் சரிபார்க்கத்தக்கது. அதனாலேயே பதினேழு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்தது. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. ஒரே வகைக் கட்டியின் உட்பொருள் காலப்போக்கில் மாறக்கூடியது. புதிதாக உருவான மேல்தோல் பைக்கட்டியில் வெண்ணிறப் பசைபோன்ற பொருள் இருக்கும். அழற்சியுற்றால் அது சீழோடு கலந்து நீர்க்கும். நாட்பட்டால் சுண்ணாம்பேறிக் கல்லாகும். உட்பொருளை மட்டும் நோக்கினால் ஒரு கட்டியின் மூன்று பருவங்களும் மூன்று நோய்களாகத் தோன்றும். விதைப்பைக் கட்டிகளில் இக்குழப்பம் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்ததைப் பின்னர்க் காணலாம்.

கொழுப்பு என்று பொருள்படும் ஸ்டியாட்டோமா என்னும் பெயரும் தவறான முடிவுக்கே இட்டுச்சென்றது. கட்டிக்குள் இருப்பது கொழுப்பு எனில், அது எண்ணெய்ச் சுரப்பியினின்று வந்ததாகவே இருத்தல் வேண்டும் எனப் பின்வந்தோர் கருதினர். ‘எண்ணெய்ச் சுரப்பிக் கட்டி’ என்னும் பெயர் இவ்வாறே நிலைபெற்றது. மருத்துவமனைகளில் இன்றும் அப்பெயர் வழங்குகிறது.

2. ஐயத்தின் ஆட்சி

பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் சிபிலிஸ் பரவிய பின்னர், பிறப்புறுப்பில் தோன்றும் எந்தக் குறியையும் அந்நோயோடு தொடர்புபடுத்திப் பார்க்கும் வழக்கம் வலுப்பெற்றது. மருத்துவத்திற்குப் பாதரசம் பயன்பட்டது. அது ஈறுகளை வீங்கச்செய்யும். பல்லை ஆட்டங்காணச் செய்யும். வாயினின்று உமிழ்நீரை இடைவிடாது ஒழுகச்செய்யும். ஆகவே தவறான நோயறிதல் என்பது வெறும் பெயர்ப்பிழையாக நிற்கவில்லை. அது உடலைச் சிதைக்கும் மருத்துவத்திற்கு ஒருவரை உட்படுத்தும் முடிவாக இருந்தது.

இதற்குப் பதிவுபெற்ற சான்று ஒன்று உண்டு. இலண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரின் விதைப்பைத் தோலில் எழும் புற்றுநோயை விவரித்தார். தோலின் மடிப்புகளில் தங்கும் கரியே அதற்குக் காரணம் என்றார். தொழில்சார்ந்த புற்றுநோய் பற்றிய முதல் விளக்கமாக இது போற்றப்படுகிறது. அவ்விளக்கத்தில் நோயறிதல் வரலாற்றுக்கு மிக வேண்டிய குறிப்பொன்று அடங்கியுள்ளது. இந்நோய் பருவமெய்தும் முன்னர் அரிதாகவே தோன்றுவதால், நோயாளியும் மருத்துவரும் அதனைப் பால்வினை நோயெனவே எண்ணிப் பாதரசம் கொடுத்துவிடுகின்றனர். அதனால் நோய் மேலும் கடுமையாகிறது என அவர் எச்சரித்தார். தொடக்கத்திலேயே அப்பகுதியை அறுத்தகற்றுவதே உயிர்காக்கும் வழி என்பது அவர் கருத்து.

தொழிலாளர்கள் அந்நோயைக் ‘கரிமரு’ என்று பொருள்படும் பெயரால் அழைத்துவந்ததையும் பாட் பதிவுசெய்தார். தொழிலோடு நோய்க்குள்ள உறவு தொழிலாளர் நாவிலேயே வழங்கிவந்தது. கற்றறிந்த மருத்துவரோ அதைக் காணாமல் ஒழுக்கத்தில் காரணம் தேடினர். பாட் விவரித்தது தீங்கற்ற கட்டி அன்று, கொல்லும் நோய். எனினும் இரண்டு வகைப் பிழைகளுக்கும் வேர் ஒன்றே. தோன்றிய இடத்தைக் கொண்டே காரணத்தை முடிவுசெய்தால், புற்றுநோயும் பால்வினை நோயாகும். தீங்கற்ற பைக்கட்டியும் பால்வினை நோயாகும். முன்னதில் உயிர் போகும். பின்னதில் வேண்டாத நஞ்சு உடலேறும்.

பால்வினை நோய்கள் பற்றிய அறிவே அந்நாளில் குழம்பிக் கிடந்தது. ஜான் ஹண்டர் 1767இல் செய்த சோதனையை அடிப்படையாகக் கொண்டு, கொனோரியாவும் சிபிலிஸும் ஒரே நஞ்சின் இரு தோற்றங்கள் எனத் தம் 1786ஆம் ஆண்டு நூலில் எழுதினார். பாரிஸ் மருத்துவர் பிலிப் ரிக்கோர் 1838இல் அவை வெவ்வேறு நோய்கள் என நிறுவும்வரை ஹண்டரின் கருத்தே செல்வாக்குப் பெற்றிருந்தது. பால்வினை நோய்களையே ஒன்றினின்று ஒன்று பிரிக்கவியலாத காலத்தில், அவற்றினின்று தீங்கற்ற கட்டியைப் பிரித்தறிவது எத்துணைக் கடினம் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

3. கட்டியின் வாய்: கூப்பரின் கருத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் பைக்கட்டியின் தோற்றத்தை ஆராய்ந்தார். பல பைக்கட்டிகளின் உச்சியில் சிறு கரும்புள்ளி ஒன்று இருப்பதை அவர் நோக்கினார். அது தோலின் நுண்குழி ஒன்றின் அடைபட்ட வாய் எனவும், அவ்வடைப்பால் உள்ளே சுரப்பது தேங்கிப் பை விரிகிறது எனவும் விளக்கினார். உள்ளே இருப்பது யாது என்று கேட்ட மரபு, அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கியது இங்கேதான் எனலாம்.

நோயறிதலுக்கு இது பெருந்துணையாயிற்று. கரும்புள்ளி காணப்பட்டால் கட்டியை அறுக்காமலேயே அது தோலின் பைக்கட்டி எனச் சொல்லமுடியும். ஆனால் எல்லாக் கட்டியிலும் அப்புள்ளி தெரிவதில்லை. மேலும் உள்ளே தேங்கியிருப்பது எண்ணெய்ச் சுரப்பே என்னும் பழங்கருத்து கூப்பருக்குப் பின்னும் மாறவில்லை.

கூப்பரின் வாழ்வில் நிகழ்ந்த புகழ்பெற்ற அறுவை ஒன்றும் இவ்வரலாற்றில் இடம்பெறத்தக்கது. இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் தலையில் இருந்த பைக்கட்டியை அவர் அகற்றினார். அறுத்த இடத்தில் அக்கி போன்ற தோலழற்சி பற்றிப் படர்ந்து மன்னர் உயிருக்கே கேடு வருமோ என்று அவர் அஞ்சினார். கிருமிக்கொல்லிகளை அறியாத காலத்தில் அச்சம் இயல்பானதே. புண் நலமே ஆறியது. 1821இல் கூப்பருக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது. மன்னரின் தலைக்கட்டி ஊரறிந்த செய்தியாகி மருத்துவருக்குப் பட்டமும் பெற்றுத்தந்தது. அதையொத்த கட்டி விதைப்பையில் எழுந்திருப்பின் அது வெளியே பேசப்பட்டிருக்குமா என்பது ஐயமே. தோன்றும் இடம் ஒரு கட்டியின் சமூக மதிப்பை எந்த அளவிற்கு மாற்றுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

விதைப்பையைப் பொறுத்தவரை மருத்துவரின் விரல்கள் விடையளிக்க வேண்டிய வினா வேறொன்றும் இருந்தது. கட்டி தோலில் உள்ளதா, தோலுக்குள் இருக்கும் விதையைச் சார்ந்ததா என்பதே அது. பாட் 1762இல் ஹைட்ரோசீல் எனப்படும் நீர்க்கோவை பற்றித் தனிநூல் எழுதினார். கூப்பர் 1830இல் விதையின் அமைப்பையும் நோய்களையும் குறித்து நூல் வெளியிட்டார். தாமஸ் பிளிசார்ட் கர்லிங் 1843இல் இத்துறையில் மற்றொரு நூல் எழுதினார். இத்தகைய ஆய்வுகளின் பயனாக விதைப்பையைத் தொட்டறியும் முறை ஒழுங்குபெற்றது. தோலை இருவிரலால் பற்றி உயர்த்தும்போது கட்டி தோலோடு சேர்ந்து எழுந்தால் அது தோலின் கட்டி. தோல் தனியே வழுக்கிச் செல்லக் கட்டி உள்ளே தங்கினால் அது விதையையோ அதன் உறைகளையோ சார்ந்தது. விளக்கொளியைப் பின்னிருந்து காட்டும்போது செந்நிறமாக ஒளி ஊடுருவினால் உள்ளே இருப்பது தெளிந்த நீர். கெரட்டின் அடைந்த பைக்கட்டியில் ஒளி அவ்வாறு ஊடுருவாது. கருவிகள் பெருகிய இந்நாளிலும் நோயறிதல் இந்த எளிய சோதனைகளினின்றே தொடங்குகிறது.

4. கட்டியின் சுவர்: நுண்ணோக்கியின் விடை

யோகன்னஸ் முல்லர் 1838இல் கட்டிகளின் நுண்ணமைப்பை நுண்ணோக்கியால் ஆராய்ந்து வெளியிட்டார். அவருடைய மாணவர் ருடால்ஃப் பிர்கோ 1858இல் உயிரணு நோயியலை நிறுவினார். நோயின் பெயர் இனி உயிரணுக்களின் அமைப்பைக் கொண்டு அமையவேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு வேரூன்றியது. எனினும் தோலின் பைக்கட்டிகளுக்கு அக்கொள்கை முழுமையாகப் பொருத்தப்படுவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

நுண்ணோக்கியின்கீழ்த் தெரிந்தது இது. விதைப்பையின் பைக்கட்டிச் சுவர் தோலின் மேலடுக்கைப் போன்றே பல அடுக்குத் தட்டை உயிரணுக்களால் ஆனது. அதில் சிறுமணி அடுக்கும் உண்டு. உயிரணுக்கள் முதிர்ந்து உதிரும்போது வெளித்தோலில் அவை செதிலாகக் கழிந்துவிடும். பைக்குள்ளோ அவை வெளியேற வழியின்றி ஏடேடாகக் குவிகின்றன. கட்டியைப் பிதுக்கும்போது வரும் வெண்ணிறப் பொருள் கெரட்டின் என்னும் புரதமே. எண்ணெய்ச் சுரப்பு அன்று. அதாவது மேல்தோலின் ஒரு துண்டு உள்முகமாக மடிந்து பையாகித் தன் இயல்பான தொழிலை இடம்மாறிச் செய்துகொண்டிருக்கிறது.

மெக்காவ்ரனும் பின்னிங்டனும் 1966இல் வெளியிட்ட ஆய்வு, தோலின் கெரட்டின் பைக்கட்டிகளை மேல்தோல் வகை, மயிர்க்கால் வகை என இரண்டாகத் தெளிவாகப் பிரித்தது. ஹெர்மன் பிங்கஸ் 1969இல் இரண்டாம் வகையின் சுவர் மயிர்க்காலின் வெளியுறையை ஒத்திருப்பதை விளக்கினார். தலையில் மிகுதியாகத் தோன்றுவது மயிர்க்கால் வகை. விதைப்பையில் பெரும்பாலும் தோன்றுவது மேல்தோல் வகை. இரண்டும் எண்ணெய்ச் சுரப்பியினின்று பிறப்பவை அல்ல. நான்காம் ஜார்ஜின் தலைக்கட்டியும் அதன் இடத்தை நோக்க மயிர்க்கால் வகையைச் சார்ந்ததாக இருந்திருக்கக்கூடும்.

எண்ணெய்ச் சுரப்பியைச் சுவரிலேயே உடைய பைக்கட்டியும் உண்டு. அதற்குப் பிரிங்கிள் 1899இல் ஸ்டியாட்டோசிஸ்டோமா மல்டிப்ளெக்ஸ் எனப் பெயரிட்டார். பெரும்பாலும் மார்பில் பலவாகத் தோன்றும் இது விதைப்பையிலும் வரலாம். கேலன் காலத்துப் பெயர் உண்மையில் பொருந்துவது இந்த அரிய வகைக்கே. பரவலாகக் காணப்படும் கட்டிகளுக்கோ அது பொருந்தவில்லை.

5. கட்டியல்லாதவை

நோயறிதலின் மற்றொரு பணி, நோயல்லாததை நோயல்ல என்று சொல்வது. ஆண்குறித் தண்டின் தோலிலும் விதைப்பையிலும் மங்கிய மஞ்சள் நிறச் சிறுபுள்ளிகள் இயல்பாகவே காணப்படும். மயிரோடு சேராத எண்ணெய்ச் சுரப்பிகளே அவை. நியூயார்க் தோல் மருத்துவர் ஜான் அடிசன் ஃபோர்டைஸ் 1896இல் உதட்டிலும் வாயின் உட்புறத்திலும் இத்தகைய புள்ளிகளை விவரித்தார். அவர் அதை ஒரு நோயாகவே கருதினார். பின்னர் அவை இயல்பான சுரப்பிகள் எனத் தெளிவாயிற்று. பிறப்புறுப்பில் காணப்படுவனவும் அவர் பெயராலேயே வழங்கலாயின. ‘எண்ணெய்ச் சுரப்பிக் கட்டி’ எனப்பட்டதில் எண்ணெய்ச் சுரப்பு இல்லை. எண்ணெய்ச் சுரப்பு உள்ள இப்புள்ளிகளோ கட்டிகள் அல்ல. இம்முரண் பெயரிடல் வரலாற்றின் குழப்பத்தைச் சுருங்கக் காட்டுகிறது.

அதே 1896இல் ஃபோர்டைஸ் விதைப்பைத் தோலின் மற்றொரு மாற்றத்தையும் விவரித்தார். விரிந்த நுண்குருதிக் குழாய்களால் ஆன, கருஞ்சிவப்பு நிறமுடைய சிறு புடைப்புகள் அவை. ஆஞ்சியோகெரட்டோமா எனப்படும் இவையும் பெரும்பாலும் தீங்கற்றவையே. கீறப்பட்டால் குருதி கசியும் என்பதால் நோயுற்றவர் பெரிதும் அஞ்சுவர்.

குறிமொட்டின் விளிம்பில் வரிசையாக அமையும் முத்துப்போன்ற சிறு புடைப்புகளின் வரலாறும் இத்தகையதே. வில்லியம் கௌப்பர் 1694இல் வெளியிட்ட உடற்கூற்று நூலின்வழி, எட்வர்ட் டைசன் பெயரால் வழங்கும் சுரப்பிகள் அவ்விடத்தில் இருப்பதாக அறிஞருலகம் ஏற்றது. முத்துப் புடைப்புகளை அச்சுரப்பிகளாகவும், பால்வினை மருக்களாகவும் பலர் மயங்கினர். ஆக்கர்மனும் கோர்ன்பெர்க்கும் 1973இல் நுண்ணோக்கியால் ஆராய்ந்து, அவை நாரிழையும் குருதிக்குழாயும் சேர்ந்த இயல்பான புடைப்புகள் என விளக்கினர். அவை சுரப்பிகளும் அல்ல, தொற்றும் அல்ல. உடலின் இயல்பான ஓர் உறுப்பு ஒழுக்கக் குற்றத்தின் சான்றாக நெடுநாள் கருதப்பட்டதென்பது வருந்தத்தக்க உண்மை.

6. நடுக்கோடும் சுண்ணாம்பும்: இரு வழக்குகள்

ஆண்குறியின் அடிப்புறத்தில் தொடங்கி விதைப்பையின் நடுவே சென்று எருவாய் வரை நீளும் கோடு, கருவில் இருபுறத் தோலும் இணைந்த தையலாகும். இத்தையலின்மேல் எங்கேனும் எழும் பைக்கட்டியை மெர்மெட் 1895இல் விவரித்தார். கருவளர்ச்சியில் இணைப்பு முழுமையாக நிகழாமையே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. இங்கும் விடை தந்தது சுவரே. இதன் சுவர் பல வேளைகளில் சிறுநீர் வழியின் உட்சுவரை ஒத்த நெடிய உயிரணுக்களால் ஆனது. உட்பொருள் தெளிந்த நீராக இருப்பதுண்டு. பிறவியிலேயே வித்திடப்பட்ட இக்கட்டி, வளர்ந்த பின்னர் உராய்வாலோ தொற்றாலோ பெரிதாகி வெளிப்படும். அவ்வேளையில் சீழ் கண்டால் கொனோரியா என ஐயுற இடமுண்டு. கட்டி நடுக்கோட்டின்மேல் அமைந்திருப்பதே மருத்துவருக்குக் கிடைக்கும் முதற்குறிப்பு.

இரண்டாம் வழக்கு விதைப்பையின் சுண்ணாம்புக் கட்டிகள். கல்போல் கடினமான, வெண்மஞ்சள் நிறக் கட்டிகள் விதைப்பைத் தோலில் ஒன்றாகவோ பலவாகவோ தோன்றும். வலி பெரும்பாலும் இராது. லெவின்ஸ்கி 1883இல் இதனை முதலில் விவரித்தார். ஷாப்பிரோவும் உடன் ஆய்ந்தோரும் 1970இல் இதைக் காரணம் அறியப்படாத தனிநோய் என வகுத்தனர். அவர்கள் நோக்கிய சுண்ணாம்புத் திரள்களைச் சூழ்ந்து பைச்சுவர் காணப்படாமையே அதற்கு அடிப்படை.

ஸ்வைன்ஹார்ட், கோலிட்ஸ் ஆகிய இருவரும் 1982இல் வேறொரு விளக்கம் தந்தனர். ஒரே விதைப்பையில் எழுந்த கட்டிகளில் பல பருவங்களை அவர்கள் கண்டனர். சில, சுவர் குலையாத மேல்தோல் பைக்கட்டிகள். சிலவற்றில் அழற்சியும் சுண்ணாம்பும் சேர்ந்திருந்தன. சிலவற்றில் சுவர் அழிந்து சுண்ணாம்பு மட்டும் எஞ்சியிருந்தது. ஆகவே சுவரற்ற சுண்ணாம்புக் கட்டி என்பது பைக்கட்டியின் முதிர்ந்த பருவமே என அவர்கள் முடிவுசெய்தனர். வியர்வைக் குழாயினின்று பிறப்பதாக 1980இல் ஒரு கருத்தும் முன்வைக்கப்பட்டது. எல்லா வழக்கும் ஒரே மூலத்தின என்பது இன்னும் முடிந்த முடிபாகவில்லை. ஆயினும் ஆய்வுமுறை பற்றிய பாடம் தெளிவானது. ஒரு கட்டியை ஒருமுறை மட்டும் நோக்கினால் அதன் பருவத்தை நோயெனக் கருத நேரும். பல கட்டிகளை ஒப்பிட்டு நோக்கினால்தான் பருவங்களின் வரிசை புலப்படும்.

7. ஐயத்தை அகற்றிய சோதனைகள்

தீங்கற்ற கட்டியை உறுதிப்படுத்த அதன் தன்மையை அறிவது ஒரு வழி. அஞ்சப்படும் நோய் இல்லையென மெய்ப்பிப்பது மற்றொரு வழி. ஆல்பர்ட் நைசர் 1879இல் கொனோரியாவின் கிருமியைக் கண்டறிந்தார். ஷாடினும் ஹோஃப்மனும் 1905இல் சிபிலிஸின் கிருமியைக் கண்டனர். வாசர்மன் 1906இல் குருதிச் சோதனையை வெளியிட்டார். அதுவரை ‘உண்டோ இல்லையோ’ என்றிருந்த ஐயத்திற்கு ஆய்வுக்கூடம் விடையளிக்கத் தொடங்கியது. அச்சோதனைகளும் பிழைக்கு அப்பாற்பட்டவை அல்ல. எனினும் ஒருவரின் ஒழுக்கத்தை வினவாமலேயே நோயின் இருப்பை வினவ அவை வழிவகுத்தன. தோல் கட்டிகளின் நோயறிதலில் இது அறநெறி சார்ந்த முன்னேற்றமும் ஆகும்.

விதைப்பையைக் கேளா ஒலியால் படம்பிடித்து ஆராயும் முறையை மிஸ்கினும் பெய்னும் 1974இல் விவரித்தனர். கட்டி தோலில் உள்ளதா, விதையில் உள்ளதா என்னும் பழைய வினாவிற்கு விரல்களால் விடைகாண இயலாதபோது இம்முறை இன்று துணைநிற்கிறது. விதையினுள் எழும் கடினக் கட்டி புற்றுநோயாக இருக்கக்கூடும் என்பதால் இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. தோற்றத்தாலும் படத்தாலும் ஐயம் நீங்காதவிடத்து, கட்டியை அகற்றித் திசு ஆய்வுக்கு அனுப்புவதே இறுதி விடை தரும். விரைந்து வளர்தல், புண்ணாதல், ஆறாதிருத்தல், தானே குருதி கசிதல் ஆகியவை அத்தகைய ஐயத்திற்கு உரிய குறிகள்.

8. தமிழ்ப் பெயர்கள் காட்டும் நிலை

இவ்வறிவு தமிழுக்கு வந்த வழிகளுள் ஒன்று யாழ்ப்பாணத்து மானிப்பாய். அங்கு மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், ராபர்ட் டுரூயிட் என்பாரின் ஆங்கில அறுவை மருத்துவ நூலை ‘இரண வைத்தியம்’ என்னும் பெயரில் 1867இல் தமிழில் வெளியிட்டார். மேலை அறுவை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்க முடியும் என்பதற்கு அந்நூல் சான்று. அது வெளிவந்த காலத்தில் மேலைநாட்டிலேயே பைக்கட்டிச் சுவரின் நுண்ணமைப்பு தெளிவாக வகைப்படுத்தப்படவில்லை.

இன்றைய பேச்சுத்தமிழில் இக்கட்டிகளுக்குக் கொழுப்புக்கட்டி என்றும் நீர்க்கட்டி என்றும் பெயர் வழங்குகிறது. கொழுப்பு உயிரணுக்களால் ஆன லிப்போமாவையும், கெரட்டின் நிறைந்த பைக்கட்டியையும் மக்கள் கொழுப்புக்கட்டி என்றே கூறுகின்றனர். நீரே இல்லாத பைக்கட்டியும் நீர்க்கட்டி எனப்படுகிறது. இப்பெயர்கள் உட்பொருளைச் சுட்டுவன. செல்சஸும் கேலனும் மேற்கொண்ட முறையும் இதுவே. இதனை மக்களின் அறியாமை எனக் கொள்ளவேண்டியதில்லை. கண்ணுக்குப் புலப்படுவதைக் கொண்டு பெயரிடுவது எம்மொழிக்கும் இயல்பு. ஆனால் பெயர் நடத்தையையும் வழிநடத்துகிறது. கொழுப்பு எனக் கேட்டவர் உணவைக் குறைத்தால் கட்டி கரையும் என நம்புகிறார். நீர் எனக் கேட்டவர் ஊசியால் குத்தினால் வடிந்துவிடும் என எண்ணுகிறார். சுவர் எஞ்சும்வரை கட்டி மீண்டும் வளரும் என்பதும், வீட்டில் குத்தினால் தொற்று ஏற்படும் என்பதும் அப்பெயர்களில் இல்லை. ‘பைக்கட்டி’ என்னும் சொல் சுவரை நினைவூட்டுவதால் கலைச்சொல்லாக்கத்தில் அது கருதத்தக்கது.

முடிவுரை

ஆண் பிறப்புறுப்புத் தோலின் தீங்கற்ற பைக்கட்டிகளைக் கண்டறிந்த வரலாறு மூன்று வினாக்களின் வரலாறு. உள்ளே என்ன இருக்கிறது எனச் செல்சஸும் கேலனும் கேட்டனர். வாய் எங்கே அடைபட்டது எனக் கூப்பர் கேட்டார். சுவர் எதனால் ஆனது என நுண்ணோக்கியர் கேட்டனர். மூன்றாம் வினாவே மேல்தோல் வகையையும், மயிர்க்கால் வகையையும், நடுக்கோட்டு வகையையும் பிரித்தது. சுண்ணாம்புக் கட்டியின் புதிரையும் பெருமளவு அவிழ்த்தது.

இவற்றினிடையே, இக்கட்டியை உடையவர் எத்தகையவர் என்னும் நான்காம் வினாவும் இடைவிடாது ஒலித்துவந்தது. பாட் காலத்துத் தொழிலாளருக்குப் பாதரசம் கொடுக்கச் செய்தது அவ்வினாவே. மருத்துவ நூல்களினின்று அது பெரும்பாலும் நீங்கிவிட்டது. நோயுற்றவரின் உள்ளத்தினின்று நீங்கவில்லை. விதைப்பையில் ஒரு கட்டியைத் தொட்டுணரும் ஆண், மருத்துவரிடம் செல்வதற்கு முன் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறார். இது பெரும்பாலும் தோலின் ஒரு மடிப்பே, எவ்வொழுக்கத்திற்கும் சான்று அன்று என அவருக்கு எடுத்துரைப்பதும் நோயறிதலின் ஒரு பகுதியே. தயக்கத்தால் மறைக்கப்படுவது தீங்கற்ற பைக்கட்டியாயின் இழப்பு சிறிது. அது விதையின் புற்றுநோயாயின் இழப்பு மீட்கவியலாதது. பெயரைத் திருத்துவதும் ஐயத்தை அகற்றுவதும் ஆகிய இரண்டும் இணைந்தே நிகழவேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.